ஒல்லிப் பிக்கப்

கச்சேரிக்குக் கச்சேரி மலையாண்டியின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது பாதுஷாவின் கிதார்.

மலையாண்டி அந்த மெல்லிசைக் குழுவின் பெரிய பாடகர். மதுரை சுத்துப்பட்டுத் திருவிழாக்களில் நோட்டீஸில் அவர் பெயரைப் போட்டால்தான் கூட்டம் வரும். உச்ச ஸ்தாயிக்குப் போய் அவர் நின்றால் விசில் பறக்கும். இப்போது அந்த இடத்தில்தான் வினை.

பாதுஷாவின் கிதாரில், கம்பிகளுக்கு அடியில் சத்தத்தை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற பிக்கப் இரண்டு. இரண்டும் வேறு வேறு கிதார்களிலிருந்து கழற்றியவை. சிம்மக்கல்லில் ரேடியோக் கடை வைத்திருக்கும் மாமாவைப் பிடித்து அவற்றைப் பொருத்திக்கொண்டான். தடிப் பிக்கப்பில் வாசித்தால் வெல்லப்பாகு மாதிரி இழையும். ஸ்விட்சைத் தள்ளி ஒல்லிப் பிக்கப்புக்குப் போனால் கிறீச்சென்று காதைக் கிழிக்கும்.

மலையாண்டி உச்சத்தைத் தொடுகிற நேரம் பார்த்துப் பயல் ஸ்விட்சைத் தள்ளுவான்.

அவன் இருக்கணும், இல்லை நான் இருக்கணும் என்று குழு நடத்தும் சோணைமுத்துவிடம் மல்லுக்கு நின்றார் மலையாண்டி. வயசுப் பையன், கைதட்டலுக்கு ஆசைப்படுகிறான் என்று சோணைமுத்து மழுப்பிவிட்டார்.

மலையாண்டி பாதுஷாவையே கூப்பிட்டுக் கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான்.

"கை தன்னால போயிருதுண்ணே."

டி. கல்லுப்பட்டித் திருவிழாவுக்குப் போகிற வழியில், கப்பலூரில் டீக்கு வேனை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கியதும் மலையாண்டி டிரைவரின் திருப்புளியை எடுத்தார். கிதாரின் முதுகு மூடியைக் கழற்றி, ஒல்லிப் பிக்கப்பின் வயரைச் சவர பிளேடால் நறுக்கினார். மூடியை முடுக்கிவிட்டு இறங்கிப்போய், ரொம்ப நாளைக்கப்புறம் ருசித்து டீ குடித்தார்.

மேடையில் மைக் டெஸ்டின்போது கிதாரில் ஒரு பக்கம் ஊமை. பாதுஷா மூடியைத் திறந்தான். வயர் அறுந்திருந்த அழகைப் பார்த்தான். மலையாண்டியையும் ஒரு பார்வை பார்த்தான். பற்றவைக்க நேரமில்லை. மூடியை முடுக்கிவிட்டான்.

முதல் பாட்டில் கிதார் பூனைக்குட்டி மாதிரிப் பின்னாலேயே வந்தது. மலையாண்டிக்கு ஒரே குஷி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உச்சத்துக்குப் போனார்.

குரல் உடைந்தது. துணி கிழிகிற மாதிரி ஒரு கிறீச். ஊர் எல்லையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் வரைக்கும் கேட்டது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரிசுக்குச் சுக்குக் காப்பி கொடுங்கப்பா என்று பின்னாலிருந்து எவனோ குரல் கொடுத்தான். பாட்டு நின்றுபோனது.

பாதுஷா எட்டி மைக்கைப் பிடித்தான்.

"பெரியவங்க மன்னிக்கணும். அது அண்ணன் குரல் இல்ல, என் கிதாரு. வயர் கோளாறு."

சிரிப்பெல்லாம் அவன் பக்கம் திரும்பியது. கிதாரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொன்னார்கள். அவனும் ஒரு கும்பிடு போட்டுச் சிரித்துவைத்தான்.

அப்புறம் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு மலையாண்டியின் காதருகே குனிந்தான்.

"அடுத்த பாட்டுக்குச் சுருதிய அரைக்கட்டை இறக்கிருவோம்ணே. ஒரு வருசமா ஒல்லிப் பிக்கப்ப வச்சு மறைச்சேன். இன்னைக்கு எங்கிட்ட அதுவும் இல்ல."