ஊருக்கு ஒரு வீடு

பாப்பாத்தியின் குடிசைக்குள் தலையைக் குனிந்து நுழைந்ததுமே விமலாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

உள்ளே இரும்புக் கட்டில். அதன்மேல் பூப்போட்ட விரிப்பு. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டேபிள் ஃபேன், மூலையில் மிக்ஸி. கஞ்சிக்கே வழியில்லை, தலைக்கு மேலே ஒரு கூரை போட்டுக் கொடுங்கள் என்று மனு கொடுத்தவளின் வீடு இது. நல்லாத்தான் இருக்கிறது கதை!

விமலா ராசிபுரத்துக்காரி. மலைமேல் இருக்கிற செம்மேட்டு ஆபீசுக்கு மாற்றலாகி வந்து இன்னும் ஒரு வருசம் திரும்பவில்லை. அரியூர் நாடு என்று சொல்லுகிற மலைப் பகுதியில் இந்தச் சின்ன ஊருக்கு அரசாங்க வீடு ஒன்றே ஒன்றுதான் வந்திருக்கிறது. கேட்டவர்களோ ரெண்டு பேர். பாப்பாத்தி ஒருத்தி, நாலு குடிசை தள்ளி இருக்கிற ருக்குமணி ஒருத்தி. ரெண்டு பேருக்கும் அதே மண் சுவர், அதே புல் கூரை. யாருக்கு ரொம்பக் கஷ்டம் என்று நேரில் பார்த்து எழுத வேண்டியது விமலாவின் வேலை. உள்ளே ஒரு பார்வை பார்த்தால் போதும், தன்னிடம் யாரும் ரீல் விட முடியாது என்பது அவள் நினைப்பு.

பாப்பாத்தி அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, கையில் காப்பியைக் கொடுத்தாள். புருசன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததையும், குச்சிக்கிழங்குக் காட்டுக் கூலியில் ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளை வளர்ப்பதையும் மெதுவாகச் சொன்னாள். மழை பிடித்துக்கொண்டால் மூணு பேரும் விடிய விடிய உட்கார்ந்தே கிடப்பார்களாம்.

விமலாவின் காது அங்கே இருந்தாலும் கண் என்னவோ மிக்ஸியை விட்டு நகரவில்லை.

"இதெல்லாம் எப்பம்மா வாங்கினது?"

பாப்பாத்தி முந்தானையால் நாற்காலியை ஒருதரம் துடைத்தாள்.

"காப்பி ஆறிப்போகுதுங்க மேடம். குடிங்க."

விமலா விடவில்லை. இவ்வளவு வசதி இருக்கிற வீட்டுக்கு இன்னொரு வீடு எழுதினால் மேலே கேள்வி கேட்பார்கள், இந்தத் தடவை கஷ்டம்தான் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். பாப்பாத்திக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், கட்டிலில் உட்கார்ந்திருந்த விமலாவைப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்று மட்டும் சொன்னாள்.

குட்டு வெளிப்பட்டால் வேறென்ன பேச முடியும் என்று நினைத்துக்கொண்டே விமலா வெளியே வந்தாள்.

ருக்குமணி வீட்டுக்கு நாளைக்குத்தான் போவதாக இருந்தது. இவ்வளவு தூரம் மலை ஏறி வந்தாயிற்று, கையோடு அதையும் முடித்துவிடலாம் என்று நேரே அங்கே நடந்தாள்.

அங்கே போய்ப் பார்த்ததும் அவளுக்கு மனசே கேட்கவில்லை. வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அடுப்பு, ரெண்டு சட்டி, கொடியில் கொஞ்சம் துணி. அவ்வளவுதான். இவளைப் பார்த்ததும் ருக்குமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அங்குமிங்கும் தேடிவிட்டு, கடைசியில் ஒரு சாக்கை உதறி விரித்து உட்காரச் சொன்னாள்.

பையன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறானாம். பொண்ணு கொடுக்க வருகிறவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விடுகிறார்களாம். கான்கிரீட் கூரை போட்ட ஒரு தார்சு வீடு மட்டும் அமைந்துவிட்டால் இந்தத் தையிலேயே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றாள். சம்பாதிக்கிற பையன் வீட்டுக்கு ஒன்றும் அனுப்புவதில்லை போலிருக்கிறது என்று விமலாவே முடிவு கட்டிக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்கம்மா. வீடு உங்களுக்குத்தான்" என்றாள்.

ருக்குமணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

விமலாவுக்கும் உள்ளுக்குள் ஒரு நிறைவு. அந்த நிறைவில் வாயைக் கொடுத்தாள்.

"அந்தப் பாப்பாத்தி சொன்னதைக் கேட்டா யாரும் ஏமாந்துதான் போவாங்க. நேர்ல போய்ப் பார்த்தேனோ, தப்பிச்சேனோ. கட்டில் என்ன, ஃபேன் என்ன, மிக்ஸி என்ன. ஏழைன்னு பொய் சொல்லலாமா?"

கும்பிட்ட கை அப்படியே கீழே இறங்கியது. ருக்குமணி ஒருதரம் தன் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பையன் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"மேடம், அந்த ஊட்டைப் பாப்பாத்திக்கே எழுதிக் குடுங்க."

"ஏம்மா? அதான் எல்லாம் வெச்சிருக்காங்களே?"

"அதெல்லாம் எங்கூட்டுதுங்க. ஆபீசுல இருந்து ஆளு வராங்க, உக்கார வெக்க ஒரு பாய்கூட அவகிட்ட இல்லீங்க. எங்க மலையில ஒரு ஊட்டுக்கு வெளியாளு வந்தா, அங்க இல்லாததைப் அக்கம்பக்கத்து ஊட்டுக்காரங்கதான் கொண்டுபோய்ப் போடோணும். காலையிலயே எல்லாத்தையும் தூக்கிட்டுப் போய் வெச்சோம். நீங்க நேரா இங்க வருவீங்கன்னு நெனைக்கலீங்க. உங்களைச் சாக்குல உக்கார வெச்சிட்டேன்."

விமலாவுக்குச் சுருக்கென்றது.

"வீடே போகப்போகுதுன்னு தெரிஞ்சும் அந்தம்மா ஏங்க ஒரு வார்த்தை சொல்லல?"

ருக்குமணி அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"வந்த விருந்தாளிகிட்ட இது இரவல்னு எப்படிங்க சொல்லுவா? நீங்கதான் அந்தக் கட்டில்ல உக்காந்திருந்தீங்களே."