சிக்கனச் சிட்டு

“வர்றாங்க, சுத்திச் சுத்திப் பாக்கறாங்க, பிடிச்சிருக்குங்கறாங்க. காச எடுக்கற நேரத்துல கழண்டுக்கறாங்க மாப்ள!”

கேட்பவர்கள் மனிதர் வீட்டை விற்க அலைகிறார் என்று நினைப்பார்கள். மார்க் மாமா விற்கப் பார்த்தது ஒரு இஸ்திரிப் பெட்டியை. அதுவும் அவருடையது இல்லை.

காப்பி குடித்தால் காப்பிக்கு மார்க், மழை பெய்தால் மழைக்கு மார்க் என்று போட்டுக்கொண்டே இருப்பதால் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அந்தத் திறமையை நம்பித்தான், வீட்டு உபயோகப் பொருள் கடையில் பார்த்த விற்பனை வேலையை விட்டுவிட்டு ஒரு இணையதளம் ஆரம்பித்தார். மிக்ஸி, கெட்டில், ஃபேன் என்று தினம் ஒரு பொருளை எடுத்து அலசிப் பிழிந்து காயப்போடுவார். கட்டுரைக்குக் கீழே ஒரு இணைப்பு இருக்கும். அதைத் தட்டினால் பெரிய ஆன்லைன் கடைக்குப் போகும். அங்கே வாங்கினால் இவருக்குக் கமிஷன்.

தட்டுகிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. கமிஷன்தான் கண்ணில் படவில்லை.

பட்டனைச் சிவப்பாக்கினார், பச்சையாக்கினார், பாதித் திரையை அடைக்கிற அளவுக்குப் பெரிதாக்கினார். தன்னுடைய சிரித்த முகத்தைப் பக்கத்தில் போட்டார். எப்போதாவது வந்துகொண்டிருந்த கொஞ்ச நஞ்சக் காசும் நின்றுபோனது.

பழைய முதலாளி நல்ல மனிதர். இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். வருகிறாரா இல்லையா என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். வீறாப்பாக விட்டுவிட்டு வந்த அதே கவுன்டரில் போய் மறுபடி நிற்பதை நினைத்துப் பார்க்கவே மாமாவுக்குப் பிடிக்கவில்லை.

மனைவிதான் ஒரே ஆறுதல். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. “வீட்டுச் செலவ நான் எப்படியோ சமாளிக்கறேன், நீங்க நிம்மதியா எழுதுங்க” என்பாள். தினமும் காலையில், “இன்னிக்கு எதப் பத்தி எழுதறீங்க?” என்று மறக்காமல் கேட்பாள். இப்படி ஒரு அக்கறை யாருக்கு வரும் என்று மாமா உருகிப்போவார்.

“ஏன் மாமா, உங்க இணைப்பு வழியா யாராவது வாங்கறத பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்களா?” என்று கேட்டான் மைத்துனன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன். லீவுக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். “இந்தாங்க என் போன். எனக்கே ஒரு இஸ்திரிப் பெட்டி வேணும். நீங்களே வாங்குங்க, நான் பாக்கறேன்.”

மாமா தன் பக்கத்தைத் திறந்தார். தான் எழுதியதைத் தானே ரசித்துப் படித்தார். இணைப்பைத் தட்டிக் கடைக்குள் போனார். பணம் கட்டும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. ‘தள்ளுபடிக் குறியீடு இருக்கிறதா?’ என்று கேட்டது.

அப்படிக் கேட்டால் மனிதருக்குக் கை சும்மா இருக்குமா?

“இரு இரு மாப்ள, எங்கயாவது கெடைக்கும்” என்று தேட ஆரம்பித்தார். ‘சிக்கனச் சிட்டு’ என்றொரு தளம் வந்தது. அங்கே இருந்த பட்டனைத் தட்டியதும் குறியீடு கிடைத்தது, கடை மறுபடி திறந்தது, விலையும் குறைந்தது. பணம் கட்டி முடித்துவிட்டு, “பாத்தியா!” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“பாத்தேன் மாமா. கடைசியா யாரோட இணைப்பு வழியா கடைக்குள்ள போனீங்களோ, கமிஷன் அவங்களுக்குத்தான். இப்ப அது சிட்டுக்குப் போயிடுச்சு.”

மாமாவின் முகம் தொங்கிப்போனது. “அப்ப மத்தவங்க எல்லாரும்?”

“உங்கள மாதிரிதான். உங்ககிட்ட படிச்சுட்டு, அங்க போய்க் குறியீடு எடுத்து வாங்கறாங்க.”

மாமா சிட்டின் பக்கத்தை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தார். கெட்டில் இருந்தது, மிக்ஸி இருந்தது, ஃபேன் இருந்தது. எல்லாம் இவர் எழுதிய அதே வரிசையில் இருந்தன.

“காலைலதான் இஸ்திரிப் பெட்டியப் போட்டேன். அதுக்குள்ள அவனும் போட்டிருக்கான்! எவனோ என் தோள் மேல உக்காந்து எட்டிப் பாக்கறான்டா!”

“மெதுவாப் பேசுங்க, பக்கத்து வீட்ல தூங்கற கொழந்த எழுந்துடும்” என்றாள் மேஜையின் மறுமுனையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி.

“சண்ட வேண்டாம் மாமா. அவங்களோட கூட்டு சேந்துடுங்க” என்றான் மைத்துனன். “அந்தக் குறியீட்ட உங்க பக்கத்துலயே குடுத்தா யாரும் வெளிய தேடிப் போக மாட்டாங்க. கமிஷன்ல ஆளுக்குப் பாதி.”

மாமா யோசித்தார். கோபம் இருந்தது. கவுன்டர் அதைவிடப் பெரிதாகக் கண்முன் நின்றது.

“அந்த மனுஷன் சரின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், நான் வேலைக்குப் போக வேண்டியதில்ல. முடியாதுன்னா சாயங்காலமே முதலாளிக்கு போன் பண்ணிடறேன்” என்று பெருமூச்சு விட்டபடி லேப்டாப்பைத் திறந்தார்.

எதையும் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம்.

“அன்புள்ள ஐயா, தங்களை எதிரியாக நினைக்காமல், என் குடும்பத்தில் ஒருவராகவே நினைத்து இதை எழுதுகிறேன்…”

மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு மனைவி நிமிர்ந்தாள். சிரிப்பை அடக்குவது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

“‘அன்புள்ள’ அப்படியே இருக்கட்டுங்க. ‘ஐயா’வ மட்டும் எடுத்துட்டு, என் பேரப் போடுங்க.”