மூன்றாவது பச்சை

"அந்த லேப்டாப்பத் தூக்கிக் கடல்ல போடு, எழில். பீச்சு என்ன ரொம்ப தூரமா?"

சொல்லிவிட்டு, கைலாசநாதன் தன் டீ டம்ளரை எழில்மதியின் லேப்டாப் ஓரத்தில், எழுத்துகளை ஒட்டியே வைத்தார். அவர் முதலாளி. எங்கே வேண்டுமானாலும் வைப்பார்.

எழில்மதி சோதனையை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். திரையில் சிவப்பு அப்படியே நின்றது.

காரைக்காலில் ஒரு சைக்கிள் கடை மாடியில் மூன்று பேர் வேலை செய்யும் கம்பெனி அது. நோயாளிக்கு எவ்வளவு மருந்து கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் பெரிய ஜாவா புரோகிராம் ஒன்றுதான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. எட்டு வருடமாகப் பல பேர் கைபட்டுப் புதராக வளர்ந்தது. ஒருமுறை, ஒரே ஒரு மெஷினில் மட்டும் சரியாக ஓடிய பதிப்பை அனுப்பி மானம் போனதிலிருந்து கைலாசநாதனே ஒரு சட்டம் போட்டிருந்தார். மூன்று மெஷினிலும் சோதனை தேறிப் பச்சையானால்தான் வெளியே போக வேண்டும்.

இன்று இரண்டு பச்சை. எழில்மதியுடையது மட்டும் சிவப்பு.

"என் மெஷின்ல ஓடுதுக்கா," என்றான் மணிபாரதி, நாற்காலியோடு திரும்பி. "சார் மெஷின்லயும் ஓடுது. ஒங்க மாமா குடுத்த பிரெஞ்சுக்காரனுக்குத்தான் நம்ம சரக்கு புடிக்கல."

மாமா பாரீசிலிருந்து வந்தபோது கொண்டுவந்த லேப்டாப். அதில் A இருக்க வேண்டிய இடத்தில் Q இருக்கும். மணிபாரதி ஒருநாள் அதில் தன் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்து, தன் கணக்கையே பூட்டிக்கொண்டான்.

"வெளக்கு வெக்கிறதுக்குள்ள அனுப்பலேன்னா, ஆர்டர் குடுத்த பாண்டிச்சேரிக்காரன் வேற ஆளப் பாத்துக்குவான்," என்றார் கைலாசநாதன். "அப்பறம் ஒன்ன வெச்சு நான் என்ன பண்றது? திங்கக்கெழமையிலேந்து நீ வர வேணாம்."

அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நெடுங்காட்டிலிருந்து பஸ் ஏறி வரும் எழில்மதிக்கு இது முதல் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை.

"அளவு தப்பா வருது சார். ஒண்ணர மில்லி குடுக்கணும். பதினஞ்சுன்னு காட்டுது."

மணிபாரதி எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "எனக்கு ஒண்ணரைன்னுதானக்கா வருது?"

"பிரெஞ்சுல புள்ளிக்குப் பதிலா கமா போடுவாங்க. இந்த மெஷின் பிரெஞ்சுல இருக்குல்ல, ஒண்ணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல கமா போட்டுடுது. நம்ம புரோகிராம் அத ஆயிரத்துக்குப் போடுற கமான்னு நெனச்சுத் தூக்கிடுது. ரெண்டும் ஒட்டிக்கிட்டுப் பதினஞ்சாயிடுது."

"அட, அவ்வளவுதானா," என்று கைலாசநாதன் சாய்ந்து உட்கார்ந்தார். "மெஷின இங்கிலீசுக்கு மாத்து. நம்ம ஊரு ஆஸ்பத்திரியில எவன் பிரெஞ்சு மெஷின் வெச்சிருக்கான்?"

மாற்றினால் போதும். பச்சை வந்துவிடும். திங்கட்கிழமையும் வந்துவிடும். எழில்மதி மொழி மாற்றும் பக்கத்தைத் திறந்தும் விட்டாள். பிறகு மூடினாள்.

"மாட்டேன் சார்."

"என்னது?"

"மாத்துனா மெஷின்தான் திருந்தும். புரோகிராம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு மெஷின்லயும் ஒவ்வொரு விடை சொல்றத எப்படி சார் அனுப்பறது? கொஞ்ச நேரம் குடுங்க."

மணிபாரதி குனிந்து மெல்லச் சொன்னான். "யக்கா, வீம்பு பண்ணாத. அந்தக் கணக்கு எத்தன எடத்துல இருக்குன்னு தெரியும்ல? தேடவே நாள் பூரா ஆவும்."

"இப்ப ஒரு எடத்துலதான் இருக்கு."

வந்து போனவர்களெல்லாம் அதே கணக்கை அங்கங்கே நகல் எடுத்து ஒட்டி வைத்திருந்தார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவற்றையெல்லாம் தேடித் தேடி ஓரிடத்தில் சேர்த்து, மிச்சத்தை அழித்திருந்தாள். "கூட்டிப் பெருக்கவா ஒன்ன வேலைக்கு எடுத்தேன்?" என்று கைலாசநாதன் அப்போது கேட்டிருந்தார்.

அந்த ஓரிடத்தைத் திறந்தாள். மெஷின் எந்த மொழியில் இருந்தாலும் புள்ளிதான் வைக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரியை மாற்றினாள், டீ டம்ளரில் கை படாமல்.

மூன்று மெஷினிலும் ஓட்டினார்கள். மணிபாரதியுடையது பச்சை. கைலாசநாதனுடையது பச்சை. அவளுடையது யோசித்துக்கொண்டே இருந்தது. கீழே சைக்கிள் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

பச்சை.

லேப்டாப் இன்னும் பிரெஞ்சில்தான் இருந்தது.

"நாக்கு ஒட்டிக்கிச்சுக்கா," என்று மணிபாரதி பாட்டில் தண்ணீரை அப்படியே கவிழ்த்துக்கொண்டான். எழில்மதி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கைலாசநாதன் தன் கையாலேயே அனுப்பினார். தெருவிளக்கு அப்போதுதான் எரிந்தது.

சற்று நேரத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"வந்துடுச்சு சார், தேங்க்ஸ்," என்றார் பாண்டிச்சேரிக்காரர். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இத மொதல்ல போடப்போறது நம்ம ஊர்ல இல்ல. பிரெஞ்சுக்காரங்களோட ரீயூனியன் தீவுல ஒரு கொழந்தைங்க ஆஸ்பத்திரி. அங்க அத்தன கம்ப்யூட்டரும் பிரெஞ்சுலதான் இருக்கும். கோளாறு ஒண்ணும் வராதுல்ல?"

மணிபாரதி நாற்காலியோடு திரும்பி எழில்மதியின் லேப்டாப்பைப் பார்த்தான்.

கைலாசநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கவலையே படாதீங்க. அதுக்குன்னே பாரீசுலேந்து தனியா ஒரு மெஷின் வரவழைச்சு வெச்சிருக்கோம்," என்று சொல்லிக்கொண்டே, அதன்மேல் இருந்த டீ டம்ளரைச் சிந்தாமல் எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.