ஒற்றைச் செருப்பு

தெருவில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் இயந்திரங்கள் கொன்றுகொண்டிருந்தன. ஆளில்லாத ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒரு வீடு திறந்து கிடந்தது. நாங்கள் மூவரும் உள்ளே பாய்ந்து கதவைத் தாழிட்டோம். மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் ரஹீமா என் கால்களையே வெறித்துப் பார்ப்பது தெரிந்தது. வெறுங்கால். அவளுக்கும் அப்படித்தான், ஜெரால்டுக்கும். உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள், அடுத்தவர் வீடென்று செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

"எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஜெரால்டு எழுவதற்குள் வெளியே இரும்புக் காலடி கேட்டது. பிறகு செருப்புகள் தரையில் உரசும் சத்தம். வீட்டு வேலைக்கென்று செய்த இயந்திரம். தாறுமாறாகக் கிடந்தவற்றை ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் இருந்த இதே மாதிரி இயந்திரத்துக்கு அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

சத்தம் நின்றது. காலடி படியிறங்கிப் போனது.

"போயிடுச்சுடி" என்று ரஹீமா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஜெரால்டு தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஓடி வரும்போது என்னோட ஒரு செருப்பு கீழ்ப் படியில கழண்டு விழுந்துடுச்சு" என்றான்.

காலடி மறுபடியும் மேலேறி வந்தது. வாசலில் எதையோ மெல்ல வைத்தது.

பிறகு அழைப்பு மணி அடித்தது.