பன்னிரண்டாம் நம்பர் ஷூ

மகளுக்கென்று குடும்ப நீதிமன்றம் விதித்த மாதாந்திர ஜீவனாம்சத்தை ஞானராஜ் கட்டியதே இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் புது ஷூ ஒரு ஜோடி கொண்டுவந்து நீட்டி, "எம்புள்ளைக்கு நான் செய்யாமயா இருக்கேன்?" என்பான். எல்லாமே பன்னிரண்டாம் நம்பர். அவன் வீட்டைவிட்டுப் போனபோது மகளுக்கு இருந்த கால் அளவு.

"இவ காலு வளரவே கூடாதுன்னு ஒரு உத்தரவு போட்டுருங்கய்யா!" என்று அவன் மனைவி ஸ்டெல்லா கத்தினாள். "ரெண்டு வருஷமா இதே ரோதனை!"

நீதிபதி சிறுமியைப் பார்த்தார். "போட்டுக் காட்டும்மா."

ஜெனிட்டா அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். விரல்களை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உள்ளே திணித்தாள்.

"சரியா இருக்கு சார்," என்றாள். பிறகு அவர் மேசைவரை, நொண்டாமல் நடந்து காட்டினாள்.