வயதே ஆகாதவள்

“தையல் மெஷினைக் கூடத்துல வச்சுக்கலாமா? அந்த ரூம் காலியானா நல்லாயிருக்கும்.”

ஊர் விளக்குகளைப் பழுது பார்க்கும் விளக்குக்காரர் இதைக் கேட்டபோது மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. சன்னல் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் சன்னல் துடைத்து அவள் பார்த்ததே இல்லை.

“வச்சுக்கலாம். மெஷினோட சேர்த்து என்னையும் ஒரு மூலையில போட்டுடுங்க” என்றாள்.

அவர் சிரித்தார். அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கப்பல் மறுநாள் காலையில் இறங்குகிறது. பூமியிலிருந்து ஒரே நாளில் கிளம்பிய இரண்டு கப்பல்களில் விளக்குக்காரர் வந்தது ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. மற்றது நடுவழியில் இயந்திரம் படுத்துவிட, பல பத்து வருஷம் ஊர்ந்து இப்போதுதான் இந்தப் புதுக் கிரகத்தை எட்டிப் பார்க்கிறது. அதில் இருப்பவர்கள் இன்னும் கண்ணாடிப் பெட்டிகளில் தூங்குகிறார்கள். பெட்டிக்குள் தூங்குகிறவர்களுக்கு வயது ஏறாது. வெளியே விழித்திருந்து துணி துவைத்து, சமைத்து, பெண்ணைப் பெற்று வளர்த்தவளுக்கு ஏறாமல் இருக்குமா?

அவளுக்கு ஊரின் காற்றைச் சுத்தம் செய்யும் கூடத்தில் வடிகட்டித் துணிகளைக் கழுவும் வேலை. தூசி கழுவிக் கழுவி விரல்கள் வெடித்துப் போயிருந்தன. அந்த விரல்களோடுதான் அன்று கணவரின் கருவிப் பெட்டியைத் திறந்தாள். மூடியின் உள்பக்கம் எப்போதும் போல அந்தப் படம் ஒட்டியிருந்தது. பெரிய கண்கள், கன்னத்தில் குழி. கல்யாணமான புதிதில், போனால் போகிறது, படம்தானே என்று விட்டுவிட்டாள். எங்கோ இருட்டில் கிடக்கும் கப்பல் ஒருநாள் வாசலுக்கு வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்? எவளும் குறுக்கே வராத வீடு என்று நம்பித்தான் இவருக்குக் கழுத்தை நீட்டினாள். அந்த ஒரு காரணத்துக்காகவே தோழிகள் பொறாமைப்பட்டதும் உண்டு. இப்போது படத்தில் இருக்கிறபடியே, சுருக்கம் விழாமல், முடி கொட்டாமல் வந்து இறங்கப் போகிறாள்.

குழாய் ரிப்பேர் செய்கிற பக்கத்து வீட்டுக்காரி வேறு வந்து எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனாள். இனிமேல் உன் கைச் சமையல் அவர் வாயில் இறங்குமா என்று பார்த்துக்கொள் என்றாள். அது நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

சாயங்காலம் விளக்குக்காரர் முகம் மழித்து, புதுச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“எப்படி இருக்கு? நீலம்னா ரொம்பப் பிடிக்கும்.”

“யாருக்கு?”

அவர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நான் ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வீட்டுக்கு வந்த அன்னிக்குக்கூட நீங்க சட்டை மாத்தலை. நம்ம பொண்ணைவிடச் சின்னவ அவ. அதாவது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அதான் பயமா இருக்கு. என்னை அடையாளம் தெரியணுமே.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாள் முழுக்க வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள். “அவ வந்தப்புறம் இந்த வீட்ல என் இடம் எது? அதை மட்டும் சொல்லிடுங்க.”

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

“எனக்கு ரெண்டு பேரும் வேணும்” என்றார் கடைசியில்.

காலையில் அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டு, கழுத்துச் சுருக்கம் தெரியாமல் சால்வையைச் சுற்றிக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

இறங்குதளத்தில் வரவேற்பு அதிகாரி கூட்டத்துக்கு வழக்கமான புத்திமதிகளைச் சொன்னார். இப்போதுதான் எழுப்பி அனுப்புகிறோம், அவர்களுக்கு நேற்று ராத்திரி படுத்தது போலத்தான் இருக்கும், எத்தனை வருஷம் போயிற்று என்பதை நாங்கள் சொல்வதில்லை, சொந்தக்காரர்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றார்.

கதவு திறந்தது. தூக்கக் கலக்கத்தோடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். மனைவிதான் முதலில் அவளைக் கண்டுபிடித்தாள். அதே கண்கள், அதே கன்னக்குழி. இவ்வளவு அழகாகவா இருந்து தொலைக்க வேண்டும் என்று வயிறு எரிந்தது.

விளக்குக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வரும் வழியில் போய் நின்றார். அந்த இளம்பெண் நேராக அவரிடமே வந்தாள். நீலச் சட்டையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வழியில் நின்ற தூணைச் சுற்றிப் போவது போல அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மனைவிக்கு ஒரு கணம் குளுகுளுவென்று இருந்தது. நன்றாக வேண்டும், என்ன ஆட்டம் ஆடினார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பெண்ணின் கண்கள் யார் முகத்திலும் நிற்கவில்லை. கூட்டத்தின் முழங்கால்களுக்கு இடையே, தரைக்குச் சற்று மேலே தேடிக்கொண்டிருந்தன. தேடித் தேடி, சால்வை போட்டவளிடமே வந்து நின்றாள்.

“அம்மா, நீங்க பாத்தீங்களா? நாலு வயசுப் பையன். அவங்க அப்பாவோட முதல் கப்பல்ல வந்தான். ஒரு கால்லதான் செருப்பு இருக்கும்.” மூடியிருந்த கையைத் திறந்தாள். உள்ளங்கையளவே இருந்தது அந்தச் செருப்பு. “ஏத்திவிடும்போது கழண்டு என் கையிலயே நின்னுடுச்சு. வெறுங்காலோட எங்க நிக்கிறானோ.”

பக்குவமாகச் சொல்ல வேண்டிய வேலை தன் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. நரைத்த தலையோடு தேம்பிக்கொண்டிருந்த கணவரின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து விட்டாள்.

“நல்லாப் பாருங்க, அத்தை. கொஞ்சம் வளர்ந்துட்டார், அவ்வளவுதான்.”