வெள்ளத்திலிருந்து வந்த படிவம்

ஜாம்பேசி ஆற்றில் வெள்ளம் ஏறியதும் ஊரே வழக்கம்போல் மேட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பூட்டிய சமவெளி மருந்தகம் கூரைவரை தண்ணீருக்குள் கிடந்தது. அங்கிருந்து மாவட்ட அலுவலகத்துக்கு வாராந்திர நோய்க் கணக்குப் படிவம் வந்தது. வயிற்றுப்போக்கில் சாவு: ஏழு.

“ஆளே இல்லாத ஊருல ஏதும்மா சாவு? அந்த வரிய அழி,” என்றார் தலைநகர அதிகாரி முபிதா, போனில்.

மாவட்டத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் நமகாவுக்குச் சுர்ரென்று ஏறியது. “போன வருஷமும் இதே ஏழு. நீங்க சொல்லி அழிச்சேன். மறுவாரம் மேட்டுல ஏழு புள்ளைங்களப் புதைச்சோம்.”

“யாரு அனுப்புறாங்கன்னாவது தெரியுமா?”

“தெரியாது. எதுக்குன்னு தெரியும். அழிக்க மாட்டேன், வேணும்னா வேலைய விட்டுத் தூக்குங்க.”

குளோரினைப் படகில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினாள்.

அடுத்த வாரம் மேட்டில் யாரும் சாகவில்லை. படிவம் ஈரமாக வந்தது. சாவு: பூஜ்யம். கையெழுத்துப் போடும் இடத்தில் ஏழு பெருவிரல் ரேகைகள், எல்லாமே சின்னச் சின்னவை.